எண் மாற்றம்

இருபது வருடமாக இந்த மாவட்டத்தில்
பூட்டுத் திறப்பது என் பிழைப்பு.
லூயிஸ்டவுனில் யார் வீட்டுப் பெட்டகம்
எந்த எண்ணில் திறக்கும் என்று தெரியும்.
சொல்ல மாட்டேன்.
சொன்னாலும் குடிமுழுகிப் போகாது,
முக்கால்வாசி
பிள்ளைகளின் பிறந்தநாள்தான்.

நவம்பர் கடைசி வாரம்.
வேட்டைப் பருவம் முடிய நான்கு நாள்.
தொலைபேசியில்
உடைந்து இன்னும் ஆறாத ஆண்குரல்:
"துப்பாக்கிப் பெட்டகத்துக்கு எண் மாத்தணும்."
மறந்துட்டீங்களா, என்றேன் வழக்கம்போல.
"இல்ல. நல்லா ஞாபகம் இருக்கு.
அதனாலதான்."

மொண்டானாவில் பக்கத்து வீடு என்றால்
பதினொரு மைல்.
சரளைப் பாதையில் வேன் குலுங்கி நின்றபோது
வாசலில் காத்திருந்தான்,
கோல்ட்டர் ஹாகன், பதினாறு வயது,
சதை தெரியக் கடித்த நகங்கள்.
பெரியவங்க கையெழுத்து வேணுமே தம்பி.
"அப்பா அஞ்சு மணிக்கு வருவார்.
இருக்க முடியுமா?"

இருந்தேன்.
ஆறிய பீட்சாவைத் தட்டில் வைத்துத் தள்ளினான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
ஃபிரிட்ஜ் கதவில்
பள்ளி மல்யுத்த அணியின் படம்.
பின்வரிசையில், இடமிருந்து இரண்டாவதாக,
டைகன் வீட்டுப் பையன்.
மார்ச் மாதம் அந்த வீட்டுக்கும் போயிருந்தேன்.
திறக்க அல்ல.
திறந்து கிடந்த பெட்டகத்தை
மூடித்தரச் சொல்லி அழைத்தார்கள்.
கதவைத் தள்ளினால் போதும்,
தானே பூட்டிக்கொள்ளும் ரகம் அது.
அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

ஆர்டன் ஹாகன் வந்தார்,
கன்று ஈன்ற பசுவின் வாடையோடு.
விஷயத்தைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார்,
மறுபடி போட்டுக்கொண்டார்.
"ஒன்பது வயசுல எனக்குத் துப்பாக்கி கொடுத்தாங்க.
கூடப் பிறந்தவங்க ஐந்து பேர்,
ஒருத்தருக்கும் ஒரு கீறல் கிடையாது.
மண்வெட்டி மாதிரிதான் அது இந்த வீட்டுல.
இவன்கிட்ட இருந்து பூட்டினா
இவனை நம்பலைன்னுதானே அர்த்தம்?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பையன் மேஜை விளிம்பைச் சுரண்டினான்.
"பகல்ல இருக்கிற என்னை நம்புங்கப்பா.
ராத்திரி ரெண்டு மணிக்கு
இங்க எந்திரிச்சு உட்காந்திருக்கானே,
அவனை
எனக்கே சரியாத் தெரியாது."

ஹீட்டர் நின்றது, மறுபடி ஓடியது.
ஆர்டன் பேனா கேட்டார்.

எண் போடுவதில்தான் இழுபறி.
மனைவியின் பிறந்தநாள், அவனுக்குத் தெரியும்.
அவள் இறந்த நாள், அதுவும்.
மாட்டின் காதுப் பட்டை எண்கள் எல்லாம்
அவனே அடித்தவை.
ஒரே கூரையின் கீழ் பதினாறு வருடம்;
அவன் அறியாத நான்கு இலக்கம்
அந்த மனிதருக்கு அகப்படவில்லை.
கடைசியில்
என் வேனின் மைல் கணக்கைப் பார்த்து வந்தார்.
ஒவ்வோர் அழுத்தலுக்கும்
பொத்தான் ஒரு சத்தம் போடும்.
பையன் ஜன்னல் பக்கம் திரும்பி
வெளியே நின்ற மாடுகளை
உரக்க எண்ணத் தொடங்கினான்,
காதில் விழாதபடி.

"ஞாயித்துக்கிழமை எல்க் பார்க்கப் போவோமா?"
"போவோம். நான் எடுத்துத் தர்றேன்."
அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

எண்பத்தைந்து டாலர்.
வைக்கோல் கட்டிய கூலியைக் கசங்கலாக நீட்டினான்.
அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார்,
தடுத்த கையை
எடுக்க மறந்துபோனார்.
நான் ரசீது எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் பனி.
என் வீட்டு எண்ணை வேண்டுமானால் சொல்கிறேன்,
இன்றிரவு வரைக்கும்தான் அது செல்லும்:
பூஜ்யம், நான்கு, ஒன்று, ஏழு.
வருகிற ஏப்ரலில்
மகளுக்குப் பதினான்கு.